வர்மாவா, ஹாலிடேயா, வீடியோவா? முதல் செமஸ்டர் மெக்கானிக்ஸுக்கு எது?

சித்தி பொண்ணு இந்த வருஷம் கடலூரில் பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்திருக்கிறாள். பன்னிரண்டு வரை தமிழ் மீடியம். "அண்ணா, மெக்கானிக்ஸுக்கு எந்த புக் வாங்கட்டும்?" என்று கேட்டாள். வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பாமல், ஒரே ஒரு கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தேன்.

கணக்கு இதுதான். புதுச்சேரியிலிருந்து கடலூர் வருகிற பஸ், தரையில் ஒரு அரிசி மூட்டை, உராய்வுக் குணகம் (தரை மூட்டையை எவ்வளவு பிடித்துக்கொள்ளும் என்று சொல்லும் எண்) 0.4. அரியாங்குப்பத்தில் மாடு குறுக்கே வர, டிரைவர் பிரேக் அடிக்கிறார். மூட்டை எப்போது வழுக்கும்? "கனமா இருந்தா வழுக்காதுண்ணா" என்றாள். அங்கேதான் எல்லாரும் விழுகிறோம். கனம் கூடினால் உராய்வும் கூடுகிறது, மூட்டையை நிறுத்தத் தேவைப்படும் விசையும் அதே அளவு கூடுகிறது, இரண்டும் அடிபட்டுப்போகும். வேகம் குறைவது நொடிக்கு நொடி 0.4 × 9.8 (9.8 என்பது புவியீர்ப்பு முடுக்கம்), அதாவது வினாடிக்குச் சுமார் 3.9 மீட்டருக்கு மேல் போனால் 5 கிலோவும் வழுக்கும், 25 கிலோவும் வழுக்கும். 54 கி.மீ. வேகத்தில் வரும் பஸ் சீராகப் பிரேக் பிடித்து 28 மீட்டருக்குள் நின்றால் மூட்டை டிரைவர் பக்கம் கிளம்பிவிடும்.

இந்தக் கணக்கை அவளே போடும்படி எந்தப் புத்தகம் கொண்டுபோய் விடும்?

கைடு கொண்டுபோகாது. நிலைமத் திருப்புத்திறனை (ஒரு பொருளைச் சுழல வைப்பது எவ்வளவு கடினம் என்பதன் அளவு) வட்டத்தட்டு, உருளை, கோளம் என்று வரிசையாக எழுதி மனப்பாடம் பண்ண வைக்கும். பரீட்சைக்கு முந்தின ராத்திரி வேண்டும்தான், மறுக்கவில்லை.

ஹாலிடே–ரெஸ்னிக் அழகான புத்தகம். படம், செய்து காட்டிய கணக்குகள், பக்கம் பக்கமாக விளக்கம். ஆனால் தமிழ் மீடியத்திலிருந்து வந்த பிள்ளைக்கு அந்த ஆங்கிலம் மலைப்பாக இருக்கும், நாலு பக்கம் தாண்டுவதற்குள் டிக்ஷனரி தேய்ந்துவிடும்.

எச்.சி. வர்மாவின் 'கான்செப்ட்ஸ் ஆஃப் பிசிக்ஸ்' முதல் பாகம் இந்த இடத்தில் ஜெயிக்கிறது. வாக்கியங்கள் சின்னவை, இரண்டாம் அத்தியாயத்திலேயே வெக்டர், வகையிடல், தொகையிடல் எல்லாம் தேவைப்படுகிற அளவுக்கு வந்துவிடுகின்றன. நியூட்டன் விதிகளில், குதிரை வண்டியை இழுத்தால் வண்டியும் குதிரையை அதே விசையோடு பின்னால் இழுக்கிறதே, பிறகு எப்படி நகர்கிறது என்ற பழைய குழப்பத்தை எடுத்து வைத்துப் பிரித்துக் காட்டுகிறார். படத்தில் ஒவ்வொரு விசையையும் அம்பு போட்டுப் பழகியவளுக்கு அரிசி மூட்டை ஒன்றுமே இல்லை. ஜே.இ.இ. நுழைவுத் தேர்வுப் புத்தகம்தானே என்று கல்லூரியில் சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

ஆனால் அதற்கும் முன்னால் பிளஸ் ஒன் தமிழ்ப் பாடநூலைத் தூசி தட்டு என்றேன். 'முடுக்கம்', 'உந்தம்' என்று தமிழில் மனசில் இருப்பதை ஆங்கிலச் சொல்லோடு முடிச்சுப் போட அதைவிட எளிய வழி கிடையாது, பி.டி.எஃப். இலவசம் வேறு.

வீடியோ என்றால் இயற்பியல் பேராசிரியர் வால்டர் லெவின், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 1999-இல் எடுத்த வகுப்புகள். ஊசலில் தானே ஏறி உட்கார்ந்து ஆடி, ஆள் ஏறினாலும் அலைவு நேரம் மாறவில்லை என்று காட்டுகிற வகுப்பைப் பார்த்தால் மறக்கவே மறக்காது. அவர்மீதான பாலியல் தொல்லைப் புகார் விசாரணையில் உறுதியானதால் 2014 டிசம்பரில் எம்.ஐ.டி. தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது, யூடியூபில் கிடைக்கிறது. ஒரே ஆபத்து, பார்த்து முடித்ததும் எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், பேனாவை எடுத்தால் ஒரு வரி வராது. இயற்பியலாளர் ஃபைன்மேனின் விரிவுரைகளும் அப்படித்தான், கால்டெக் பல்கலைக்கழகத் தளத்தில் சும்மாவே படிக்கலாம், ஆனால் இரண்டாவது தடவை படிக்கும்போதுதான் ருசிக்கும். கிளெப்னர்–கோலென்கோவ் எழுதிய மெக்கானிக்ஸ் புத்தகம் எடுத்த எடுப்பில் முதல் அத்தியாயத்திலேயே துருவ ஆயத்தொலைவுகளுக்கு (தூரமும் கோணமும் வைத்து இடத்தைச் சொல்லும் முறை) போய்விடும், அது அடுத்த வருஷத்துக்கு.

பழைய வர்மா ஒன்று வாங்கிவிட்டாள். நேற்று ராத்திரி மெசேஜ்: "அண்ணா, மூட்டை வழுக்குது சரி, நின்னுட்டு வர்ற ஆள் வழுக்காம ஏன் குப்புற விழறார்?" சுழற்சி வரும் பத்தாம் அத்தியாயம் வரைக்கும் பொறு என்று பதில் போட்டிருக்கிறேன்.