ஒரு தோணிப் பங்குப் பத்திரமும் ஒன்பதாயிரம் ரூபாய் வம்சாவளியும்

கீழக்கரையில் எங்கள் உம்மம்மாவின் வீட்டுத் தகரப் பெட்டியில் கிடந்த பழைய காகிதங்களை வாசித்து, என் வாப்பாவின் பாட்டனாருக்குத் தந்தையான மூத்த மரைக்காயரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு, இராமநாதபுரத்தில் இயங்கும் ஒரு குடும்ப வரலாற்றுத் தேடல் நிலையத்திடம் சென்ற ஆண்டு ஒப்படைத்திருந்தேன். கட்டணம் 9,000 ரூபாய். மூன்று வாரத்தில் தருவதாகச் சொன்ன அறிக்கை ஏழாவது வாரத்தில் வந்தது. இத்தகைய சேவையை நாட நினைக்கும் கடற்கரை ஊர்க்காரர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் என் அனுபவத்தை இங்கே பதிகிறேன்.

முதலில் அவர்களின் திறமையைச் சொல்லிவிட வேண்டும். பெட்டியில் இருந்தவை ஒரு தோணிப் பங்கு விற்பனைப் பத்திரம், இரண்டு வீட்டுப் பத்திரங்கள், அறபுத்தமிழில், அதாவது அறபு எழுத்தைக் கொண்டு தமிழில், எழுதிய சில கடிதங்கள், முன்பக்க வெற்றுத் தாளில் குடும்பக் குறிப்புகள் எழுதப்பட்ட ஒரு குர்ஆன் பிரதி ஆகியவை. பத்திரத்தின் எழுத்தில் புள்ளி கிடையாது. எகர ஏகார வேறுபாடு கிடையாது. ரகரமும் துணைக்காலும் ஒரே கோடாகத்தான் விழுந்திருக்கும். பள்ளியில் தமிழை முறையாகப் படித்த எனக்கே முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. நிலையத்தின் சார்பில் வீட்டுக்கு வந்த முதியவர், பத்திரம் எழுதும் தொழிலில் ஊறியவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, மூச்சு விடாமல் வாசித்தார். பெயருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சுழியை நாங்கள் இத்தனை காலமும் ஏதோ கையொப்பக் கிறுக்கல் என்றே நினைத்திருந்தோம். “தம்பி, இது கிறுக்கல் இல்லை, மாகாணி. பதினாறில் ஒரு பங்கு. தோணியில் அவருக்கு இருந்த பங்கு அவ்வளவுதான்” என்றார். தோணியே எங்களுடையது என்று மூன்று தலைமுறையாகப் பேசிவந்த குடும்பம் நாங்கள் என்பதால், அன்றைக்கு வீட்டில் தேநீர் சற்றுத் தாமதமாகவே வந்தது.

குறை தொடங்குவது அறிக்கையில். பத்திரம் ‘தாது வருஷம் ஆவணி மாதம்’ என்று மட்டும் தேதியிடப்பட்டிருந்தது. தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. ஆகையால் தாது என்பது 1816ஆகவும் இருக்கலாம், 1876ஆகவும் இருக்கலாம். அறிக்கையை எழுதியவர், வந்து வாசித்த முதியவர் அல்லர், அலுவலகத்தில் இருக்கும் வேறொருவர். அவர் 1816 என்று முடிவு செய்துவிட்டார். குர்ஆன் குறிப்பில் அதே பெயர் பிந்திய காலத்தில் வருவதைக் கண்டதும், பாட்டனின் பெயரைப் பேரனுக்கு இடும் எங்கள் வழக்கத்தைக் காரணம் காட்டி, ஒரே மனிதரைப் பாட்டனும் பேரனுமாக இரண்டாகப் பிரித்து, இடையில் பெயரில்லாத ஒரு தந்தையையும் நுழைத்திருந்தார்.

இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவைப்படவில்லை. பத்திரம் எழுதப்பட்ட முத்திரைத்தாளின் தலைப்பில் விக்டோரியா மகாராணியின் உருவம் இருக்கிறது. அவர் பிறந்ததே 1819இல்தான். குர்ஆனின் வெற்றுத் தாளிலோ, மூத்த மரைக்காயர் ஹிஜ்ரி 1293 ஷஃபான் மாதத்தில் கொழும்புக்குப் பயணம் புறப்பட்டதாக எழுதப்பட்டுள்ளது. கணக்கிட்டால் அது 1876 ஆகஸ்ட் பிற்பகுதியில் தொடங்கும் மாதம், அதாவது ஆவணி. பங்கை விற்ற மாதத்திலேயே மனிதர் கடல் கடந்திருக்கிறார். தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் சொல்லப்படும் 1876–78 பெரும் பஞ்சம் தலைகாட்டிய காலம் அது என்பதை அறிந்தால், அந்த விற்பனையை இலாபத்துக்குச் செய்த வியாபாரமாக நினைக்கத் தோன்றாது. பஞ்சத்தால்தான் விற்றார் என்று பத்திரம் சொல்லவில்லை. நானும் அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். ஆனால் 1816 என்று வைத்துக்கொண்டு அறிக்கை வரைந்திருந்த ‘கும்பினிக் காலத்துப் பெருவணிகர்’ (கும்பினி என்றால் கிழக்கிந்தியக் கம்பெனி) என்ற சித்திரத்துக்கு அந்தத் தாளில் ஓர் எழுத்துகூட ஆதாரம் இல்லை.

அறுபத்து நான்கு பக்க அறிக்கையில் இருபத்திரண்டு பக்கங்கள் சேதுபதிகளைப் பற்றியும் முத்துக்குளிப்பைப் பற்றியும் பொதுவாகப் பேசுகின்றன. அவற்றை வேகமாகப் புரட்டிவிடலாம். பதினேழாம் நூற்றாண்டு வள்ளல் சீதக்காதியோடு எங்களை இணைத்துப் புள்ளிக்கோடு போட்ட ஒரு வரைபடமும் உண்டு. எந்த ஆவணத்தைக் கொண்டு என்று தொலைபேசியில் கேட்டேன். “கீழக்கரைக் குடும்பம் என்றால் எல்லாரும் விரும்புவார்கள், அதனால் சேர்த்தோம்” என்று வெள்ளந்தியாகப் பதில் வந்தது.

இதைவிட முக்கியமானது, தேடிய திசையே தவறாக இருந்தது. சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயர் அகரவரிசைக் குறிப்பேட்டில் மூத்த மரைக்காயரின் பெயரைத் தேடி, வீடு ஏதும் இல்லை, ஆகவே வறுமையில் இறந்தார் என்று எழுதியிருந்தார்கள். எங்கள் ஊரில் வீடு மகளுக்குப் போகும். மணமுடித்த ஆண் மனைவியின் வீட்டில் வாழ்வான். ஆணின் பெயரில் வீடு தேடினால் எந்தச் செல்வந்தரும் கீழக்கரையில் வீடற்றவராகவே தெரிவார். பெட்டியில் இருந்த இரண்டு வீட்டுப் பத்திரங்களும் அவருடைய மனைவியின் பெயரிலும் மகளின் பெயரிலும்தான் இருக்கின்றன. முதியவர் அவற்றைப் பிழையின்றிப் படியெடுத்தும் கொடுத்திருக்கிறார். அந்தப் படிகளை அறிக்கை எழுதியவர் திறந்து பார்த்ததாகவே தெரியவில்லை.

பிழைகளைச் சுட்டி எழுதியதும் நான்கே நாளில், கூடுதல் கட்டணம் கேட்காமல், ஆண்டைத் திருத்தி, இல்லாத இரு மனிதரையும் சீதக்காதிக் கோட்டையும் நீக்கி மறுபடி அனுப்பினார்கள். இந்தப் பண்பைப் பாராட்டவே வேண்டும். ஆயினும் யாராவது கேட்டால், எழுத்தை வாசித்துப் படியெடுக்கும் வேலைக்கு மட்டும் பக்கக் கணக்கில் அவர்களிடம் பணம் கொடுங்கள், வம்சாவளியை வீட்டுப் பெரியவர்களை உட்காரவைத்து நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். அறபுத்தமிழ்க் கடிதங்களை அவர்கள் வாசிக்கவில்லை என்பதையும் முன்னரே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. அவற்றை எங்கள் தெருவிலேயே மதரஸாவில் ஓதிய ஒரு மூதாட்டி இரண்டு மாலைகளில் வாசித்து முடித்தார்.

திருத்திய வம்சாவளியில் மூத்த மரைக்காயரின் கட்டத்துக்குப் பக்கத்துக் கட்டத்தில் இன்னும் ‘மனைவி’ என்று மட்டுமே அச்சாகியிருக்கிறது. வீட்டுப் பத்திரத்தில் அவர் பெயர் முதல் வரியிலேயே இருக்கிறது என்று சென்ற வாரம் மீண்டும் எழுதியிருக்கிறேன்.