ஆங்கிலக் குடும்பப் பெயர்களுக்கு நான்கு தொகுதி அகராதி: யாருக்குப் பயன்படும்?

‘வாக்கர்’ என்ற குடும்பப் பெயருக்கு இணையத்தில் பல இடங்களில் ‘நடப்பவர்’ என்றே பொருள் போட்டிருக்கிறார்கள். அது தவறு. இடைக்கால இங்கிலாந்தில், தறியிலிருந்து வந்த கம்பளித் துணியைத் தொட்டியில் ஊறவைத்து, காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தியவர்தான் வாக்கர். அதே வேலையைச் செய்தவரைத் தென்கிழக்கில் ஃபுல்லர் என்றார்கள், தென்மேற்கில் டக்கர் என்றார்கள். வாக்கர் என்பது வடக்கிலும் நடுப்பகுதியிலும் வழங்கியது. தொழில் ஒன்றுதான், வட்டாரத்துக்கு ஒரு பெயர். அதனால் ஒரு பெயரை அது புழங்கிய மண்ணோடு சேர்த்துப் படித்தால்தான் விளங்கும்.

இந்த வேலையை முறையாகச் செய்திருக்கிறது 2016-இல் வெளிவந்த ‘ஆக்ஸ்ஃபோர்டு டிக்‌ஷனரி ஆஃப் ஃபேமிலி நேம்ஸ் இன் பிரிட்டன் அண்ட் அயர்லாந்து’. பாட்ரிக் ஹாங்க்ஸ், ரிச்சர்ட் கோட்ஸ், பீட்டர் மெக்ளூர் ஆகியோர் பதிப்பித்தது. மொத்தம் நான்கு தொகுதிகள், 45,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். இன்று 100 பேருக்கு மேல் வைத்திருக்கும் பெயர் என்றால் இதில் இருக்கும். பின்னாளில் வந்து குடியேறியவர்களின் படேல் போன்ற பெயர்களையும் சேர்த்திருப்பது பாராட்டத்தக்கது.

ஒரு பதிவைத் திறந்ததும் பொருள் சொல்லும் வரியோடு நின்றுவிடக் கூடாது. முதலில் மாற்று எழுத்துக்கூட்டல்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து ஆண்டுவாரியாகத் தரப்பட்டுள்ள பழைய சான்றுகளைப் பாருங்கள். 1377, 1379, 1381 ஆண்டுகளின் தலைவரிப் (ஆள்கணக்கில் விதித்த வரி) பட்டியல்கள், 1538-இல் தொடங்கிய தேவாலயப் பங்குப் பதிவேடுகள் (ஊர்த் தேவாலயம் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைக் குறித்துவைத்த ஏடுகள்) போன்றவற்றிலிருந்து எடுத்த வரிகள் அவை. கடைசியாக, 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்தப் பெயர் எந்த மாவட்டங்களில் செறிந்திருந்தது என்று பாருங்கள். அகராதியின் உண்மையான மதிப்பு இந்தக் கடைசி இரண்டில்தான் இருக்கிறது.

ஷஃபிள்பாட்டம் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் இங்கே ‘பாட்டம்’ என்பது பள்ளத்தாக்கின் அடிநிலம். லங்காஷயரில் பரி நகருக்கு அருகே இருந்த ஷிப்பர்பாட்டம் என்ற இடமே இதற்கு மூலம். இப்படி ஓரிடத்தில் பிறந்த பெயர் என்றால் அகராதி நேராக ஊருக்கே கொண்டுபோய் விடும். நியூட்டன் அப்படியல்ல. அந்தப் பெயரில் இங்கிலாந்து முழுக்க ஏராளமான ஊர்கள் உண்டு. உங்கள் நியூட்டன் எந்த ஊர்க்காரர் என்பதை அகராதி சொல்லாது, பங்குப் பதிவேடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கிப் போய்த்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

செல்லப்பெயர்களிலிருந்து வந்த குடும்பப் பெயர்களுக்கான பதிவுகளை நிதானமாகப் படியுங்கள், இதில் மெக்ளூர் பெரிய வல்லுநர். 14-ஆம் நூற்றாண்டில் ஜான், வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், தாமஸ் என்ற சில பெயர்களே ஆண்களிடம் மிகப் பெருவாரியாக இருந்தன. ஒரே தெருவில் நான்கு ரிச்சர்ட் இருந்தால் பிரித்துச் சொல்ல வேண்டுமே. டிக், ஹிக், ஹிட்ச் என்று சுருக்கினார்கள். டிக்ஸன், ஹிக்ஸ், ஹிட்ச்காக் எல்லாம் அப்படி வந்தவை. ராபர்ட்டிலிருந்து ராப்சன், ஹாப்சன், டாப்சன், ஹாப்கின்ஸ்.

வேல்ஸ் பெயர்களில் கவனம் தேவை. ‘ஆப்’ என்றால் மகன். ஆப் ரீஸ் என்பது பிரைஸ் ஆனது, ஆப் ஹவல் என்பது பவல் ஆனது. நம் தலைப்பெழுத்தைப் போலவே அங்கும் தலைமுறைக்குத் தலைமுறை தந்தை பெயர் மாறிக்கொண்டிருந்தது. எனவே இரண்டு பவல் குடும்பங்களுக்கு உறவு இருந்தாக வேண்டும் என்பதில்லை.

குறைகளும் உண்டு. 1881-இன் அயர்லாந்துக் கணக்கெடுப்பு ஏடுகள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக்கூழாக்கப்பட்டுவிட்டன. ஆகவே ஐரிஷ் பெயர்களுக்கு அதே துல்லியத்தை எதிர்பார்க்க முடியாது. மாவட்டங்களும் ஆவணங்களும் சுருக்கக் குறியீடுகளாகவே வருகின்றன. முதல் தொகுதியின் முன்பகுதியைப் படிக்காமல் உள்ளே போனால் திணற வேண்டியதுதான். குழந்தைக்கு வைக்கும் முதற்பெயர்களின் பொருள் தேடுபவர்களுக்கு இது ஆகாது. முதற்பெயர்களுக்குத் தனி அகராதி பார்க்க வேண்டும்.

வெளியானபோது அச்சுப் பிரதியின் விலை ஏறத்தாழ 400 பவுண்டு. ஒரே ஒரு பெயரைத் தேடுபவர் வாங்கவே வேண்டாம். பிரிட்டனில் பல பொது நூலகங்கள், இந்த அகராதியும் இடம்பெற்றுள்ள ஆக்ஸ்ஃபோர்டு ரெஃபரன்ஸ் இணையச் சேவைக்குச் சந்தா கட்டுகின்றன. உங்கள் நூலகத்திலும் அது இருந்தால், உறுப்பினர் அட்டை எண்ணைக் கொடுத்து வீட்டிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாம்.