14ஆம் தொகுதி இல்லாத அலமாரி: நாகர்கோவிலில் ஒரு பழைய புத்தகக் கடை

வடசேரிப் பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில், ஒரு சந்துக்குள் இருக்கும் இந்தக் கடைக்குப் பெரும்பாலும் போட்டித் தேர்வு வழிகாட்டிகளைத் தேடுகிறவர்களே வருகிறார்கள். நான் பரிந்துரைப்பது உள்ளறையில், மாஸ்கோவிலும் பீகிங்கிலும் அச்சான நூல்களுக்கென ஒதுக்கப்பட்டிருக்கும் ஒற்றை அலமாரியை. பொதுவுடைமைத் தலைவர் ஜீவா பிறந்த பூதப்பாண்டி இம்மாவட்டத்து ஊர்தானே. பழைய தோழர்களின் வீடுகள் காலியாகும்போது அவர்களுடைய நூல்கள் கட்டுக்கட்டாக இங்கே வந்து சேர்கின்றன.

கடைக்காரர் அவற்றைப் பொருள்வாரியாக அல்லாமல் அச்சிட்ட ஆண்டு வரிசையில் அடுக்கியிருக்கிறார். அதனால், பொதுவுடைமை நாடுகளில் தலைவர் வழிபாடு எப்படி ஏறி எப்படி இறங்கியது என்பதை நின்றபடியே பார்த்துவிடலாம். ஸ்டாலின் நூல் தொகுப்பு 13ஆம் தொகுதியோடு நின்றுபோகிறது. ரஷ்ய மூலப் பதிப்பு 16 தொகுதிகளாகத் திட்டமிடப்பட்டு, 1946இல் தொடங்கி, 1951இல் 13ஆவதோடு நின்றது. 1953 மார்ச் 5 அன்று அவர் இறந்தபின் மாஸ்கோ அதைத் தொடரவில்லை. 1956 பிப்ரவரி 25 அன்று, சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் 20ஆவது மாநாட்டின் மூடிய அமர்வில் அதன் தலைவர் குருஷேவ் தனிநபர் வழிபாட்டைக் கண்டித்துப் பேசினார். 1961இல் ஸ்டாலின் உடல் லெனின் நினைவிடத்திலிருந்து அகற்றப்பட்டது, ஸ்டாலின்கிராட் என்ற ஊர்ப் பெயரும் போயிற்று. "மீதித் தொகுதி எங்கே அண்ணாச்சி?" என்று கேட்டால், "அச்சே அடிக்கல்ல மக்கா, தேடாண்டாம்" என்கிறார்.

இதைவிட என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது, சீனத் தலைவர் மாவோவின் மேற்கோள்கள் அடங்கிய, உள்ளங்கைக்குள் அடங்கும் சிவப்புப் புத்தகம். சிவப்பு பிளாஸ்டிக் உறை இன்னும் வழவழப்பாக இருக்கிறது. முன்பகுதியில் சீனப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த லின் பியாவோவின் முன்னுரை இருக்க வேண்டிய தாள் மட்டும் தையலை ஒட்டி பிளேடால் நறுக்கப்பட்டிருக்கிறது. 1969இல் கட்சியின் அமைப்பு விதியிலேயே மாவோவின் வாரிசாக எழுதப்பட்ட அவர், 1971 செப்டம்பரில் மங்கோலியாவில் விமானம் விழுந்து இறந்து துரோகியாகிவிட, சீனாவில் பலர் அந்தத் தாளைக் கிழித்தார்கள். சோவியத் கலைக்களஞ்சியத்தின் சந்தாதாரர்களுக்கும், ஸ்டாலினின் ரகசியப் போலீஸ் தலைவராக இருந்த பெரியாவின் வீழ்ச்சிக்குப் பின் மாற்றுப் பக்கங்கள் அனுப்பப்பட்டன. அவர் கட்டுரை இருந்த இடத்தை பேரிங் கடல் நிரப்பியது. ஆனால் அங்கெல்லாம் போலீஸ் பயம் இருந்தது. இந்தப் பிரதியை வெட்டியவர், அதை விற்ற தக்கலைக் குடும்பத்தின் பெரியவரே என்கிறார் கடைக்காரர். எந்த அரசும் மிரட்டாத ஓர் ஊரில் ஒருவர் தாமாகவே பிளேடை எடுத்திருக்கிறார் என்றால், அந்த வழிபாட்டின் வலிமையைச் சொல்ல இதற்கு மேல் ஒரு சான்று வேண்டியதில்லை.

வட கொரியத் தலைவராக இருந்த கிம் இல் சுங்கின் தொகுதிகள் கீழ்த்தட்டில் கிடக்கின்றன. அவற்றைப் புரட்டுவதற்குப் பொறுமை வேண்டும்.

குறைகளும் உண்டு. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில் நூல்களைச் சுவரோடு ஒட்டி வைத்திருப்பதால் ஈரம் ஏறியிருக்கிறது; இராமபாணப்பூச்சி துளைத்த பிரதிகள் பல. தலைவரின் முழுப்பக்கப் படம் இருந்தால் இரட்டிப்பு விலை சொல்வது எனக்கு உடன்பாடில்லை. ஆராய்ச்சி மாணவர்களுக்கு அது கட்டுப்படியாகாது. பேரம் பேசினால் ஓரளவு குறைக்கிறார். உள்ளறையில் விளக்கு மங்கல் என்பதால் பகலிலேயே போவது நல்லது. சிவப்புப் புத்தகத்தை மட்டும் அவர் விற்பதில்லை. கேட்டால் எடுத்துக் காட்டுவார்.