கிருஷ்ணகிரியில் நூல் தையல் பைண்டிங்: துறவியர் குகை அகழாய்வு அறிக்கைக்குச் செய்த வேலை

எகிப்தில் தீபஸ் நகரின் மேற்குக் கரையில், ஷேக் அப்துல் குர்னா குன்றில் பாறையைக் குடைந்த பழைய கல்லறைகளில் கி.பி. 600-ஐ ஒட்டிய காலத்தில் வாழ்ந்த காப்டிக் (எகிப்தியக் கிறிஸ்தவ) துறவியரின் இருப்பிடத்தை, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தார் 1911-க்கும் 1914-க்கும் இடையே அகழ்ந்தார்கள். அதன் அறிக்கை 1926-ல் இரு பாகங்களாக வெளிவந்தது. இணையத்தில் கிடைக்கும் அந்தப் பக்கங்களை அச்சிட்டுக் கட்டித் தரும் வேலையைக் கிருஷ்ணகிரியில் உள்ள ஒரு பைண்டிங் கடையில் ஒப்படைத்தேன்.

தையலை முதலில் சொல்ல வேண்டும். ஏ3 தாளில் பக்கங்களை அடுக்கி அச்சிட்டு, நான்கு தாள்களை ஒன்றாக மடித்து, பதினாறு பக்கப் பாரமாக ஆக்கி, ஒவ்வொரு பாரத்தையும் மெழுகு தேய்த்த நூலால் தைத்திருக்கிறார் கடைப் பெரியவர். புத்தகத்தை எந்த இடத்தில் விரித்தாலும் மேசைமேல் தட்டையாகப் படுக்கிறது. பசை மட்டும் தடவிய பைண்டிங்கில் இது நடக்காது. நான்காம் மாதமே பக்கம் கையோடு வரும். “தையல் விட்டா கொண்டாங்க சார், காசு வேணாம்” என்றார்.

இந்த நூலுக்கு இந்தத் தையல் பொருந்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. பாரங்களைச் சங்கிலித் தையலால் இணைக்கும் முறை காப்டிக் துறவியர் கையாண்டது. இன்றும் அதற்குக் காப்டிக் தையல் என்றே பெயர். அதே குன்றின் இன்னொரு கல்லறையில் 2005-ல் போலந்து ஆய்வாளர்கள் பாப்பிரஸ் (நாணல் தாள்) ஏடுகள் இரண்டையும் தோல் ஏடு ஒன்றையும் குப்பை மேட்டிலிருந்து எடுத்தார்கள். அறிக்கையில் வரும் துறவியர் நெசவும் செய்தார்கள். அவர்கள் தரையில் வெட்டிய தறிக்குழியின் படத்தைப் பார்த்ததும் நம் குழித்தறிதான் நினைவுக்கு வந்தது. காலை உள்ளே தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்யும் அதே ஏற்பாடு. பானை ஓட்டிலும் சுண்ணாம்புக்கல் சில்லிலும் எழுதிய கடிதங்கள் அறிக்கையின் இரண்டாம் பாகத்தில் இருக்கின்றன. நோயாளிக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லும் கடிதங்களை நான் பலமுறை படித்துவிட்டேன்.

குறை இரண்டு. மடித்து வைக்க வேண்டிய தரைப்பட வரைபடத்தைப் பாரத்தோடு சேர்த்து வெட்டு மிஷினில் கொடுத்துவிட்டார்கள். வலது ஓரம் அரை அங்குலம் போய்விட்டது. எந்த அறை எந்தக் கல்லறையோடு சேர்கிறது என்று விரித்துப் பார்க்கவே வாங்கும் புத்தகத்தில் இது சிறிய சேதமன்று. கேட்டதும் வருத்தப்பட்டு, வேறு தாளில் அச்சிட்டு, பின்னட்டையில் உறை ஒட்டி அதில் போட்டுத் தந்தார்கள். அடுத்தது, புகைப்படப் பக்கங்கள் 70 ஜிஎஸ்எம் எடையுள்ள மெல்லிய தாளில் கருத்துப் போயின. குகையின் உள்சுவரும் நிழலும் பிரித்தறிய முடியவில்லை.

இரு பாகங்களுக்கும் அச்சும் கட்டும் காலிகோ துணி ஒட்டிய அட்டையும் சேர்த்து 2,400 ரூபாய் ஆயிற்று. பதினொரு நாள் பிடித்தது. எழுத்து மட்டும் உள்ள நூலைத் தயங்காமல் கொடுக்கலாம். படங்கள் இருந்தால் அவற்றைத் தனிக் கோப்பாக்கி, ஆர்ட் பேப்பர் வேண்டும் என்றும் வரைபடத்தில் வெட்டு படக்கூடாது என்றும் தாளில் எழுதிக் கொடுங்கள்; வாய்ச்சொல் மிஷின் ஓட்டும் பையனுக்குப் போய்ச் சேருவதில்லை.