கிராஃபிக்ஸ் மெமரி கசிவு: என்விடாப்பா, எஃப்டிஇன்ஃபோவா?

வூட்லண்ட்ஸ் வீட்டில் என் லினக்ஸ் மடிக்கணினி திங்கட்கிழமை துள்ளும், புதன் மாலைக்குள் மூச்சு வாங்கும். அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். மச்சான் தீர்ப்பே சொல்லிவிட்டான்: "சிம் லிம் போய் இன்னொரு 16 ஜிபி ராம் வாங்கிப் போடு." ஓட்டை வாளிக்கு இன்னொரு குடம் தண்ணீர்! ஏதோ ஒரு நிரல் எடுத்த மெமரியைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்கிறது, அதுதான் கசிவு. எந்த நிரல் என்று காட்டும் கருவிதான் தேவை.

முதலில் திறந்தது, எந்த நிரல் எவ்வளவு மெமரி எடுக்கிறது என்று பட்டியலிடும் ஹெச்டாப். அதில் எல்லா நிரல்களையும் கூட்டினாலும் மொத்தப் பயன்பாட்டுக்கு 5 ஜிபி துண்டு விழுந்தது. கிராஃபிக்ஸ் டிரைவர் கெர்னலுக்குள் (லினக்ஸின் மையப்பகுதி) ஒதுக்கும் பஃபர்கள், அதாவது படத்துக்கான மெமரித் துண்டுகள், பெரும்பாலும் நிரலின் கணக்கில் ஏறுவதில்லை. என்னுடையது ஏஎம்டியின் உள்ளிணைந்த கிராஃபிக்ஸ். தனக்கென்று கொஞ்சம் விராம் (கிராஃபிக்ஸுக்கே ஒதுக்கிய மெமரி) வைத்துக்கொண்டு, மிச்சத்தை ஜிடிடி என்ற பெயரில் சாதாரண ராமிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

அந்த ஜிடிடி வீங்குகிறதா என்று ரேடியான்டாப் என்ற கருவி காட்டிவிடும். யார் வீங்க வைக்கிறார்கள் என்று சொல்லாது.

என்விடாப் என்ற கருவி கிராஃபிக்ஸ் மெமரியை நிரல்வாரியாகப் பிரித்துக் காட்டும். பெயரைப் பார்த்து என்விடியாவுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், ஏஎம்டி, இன்டெல் எல்லாம் பார்க்கும். கண்ணுக்கும் அழகு. ஆனால் அதன் வரைபடம் சற்று முன் நடந்ததைத்தான் காட்டும். என் கசிவோ இரண்டு நாள் கசிவு. எக்ஸ்ரெஸ்டாப்பை எடுத்த கையோடு வைத்துவிட்டேன். அது திரையில் ஜன்னல்களைக் காட்டும் பழைய முறையான எக்ஸ்11 காலத்துக் கருவி, புதிய முறையான வேலண்டில் எக்ஸ்வேலண்ட் என்ற பாலம் வழியாக ஓடும் பழைய நிரல்களைத் தவிர வேறெதுவும் அதன் கண்ணில் படாது.

என் ஓட்டு எஃப்டிஇன்ஃபோவுக்கு. கெர்னல் தன் நிலவரத்தைக் காட்டும் ப்ராக் (/proc) கோப்பகத்தில் ஒவ்வொரு நிரலுக்கும் இருக்கும் வெறும் எழுத்துக்கோப்புகள். ஏஎம்டிக்கு நிரல்வாரிக் கணக்கை என்விடாப்பே இங்கிருந்துதான் படிக்கிறது, கெர்னல் 5.14 அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை க்ரான் (குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கருவி) மூலம் இவற்றைப் படித்து ஒரு கோப்பில் சேர்த்தேன். இதில் ஒரு பொறி உண்டு. கிராஃபிக்ஸைத் திறக்கும் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு கிளையன்ட் எண் உண்டு, ஒரே எண் பல கோப்புகளில் வரும். அப்படியே கூட்டினால் கணக்கு இரட்டிப்பாகும். முதல் நாள் நானும் விழுந்தேன். அப்புறம், உலாவியின் ஜன்னல் பஃபரை ஷெல்லும் (ஜன்னல்களைத் திரையில் காட்டி நிர்வகிக்கும் டெஸ்க்டாப் நிரல், என்னுடையது க்னோம்) பிடித்திருக்கும் என்பதால், பகிர்ந்த அளவைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

எண் ஏறுவதெல்லாம் கசிவல்ல. ஜன்னல்களை மூடினால் இறங்கிவிட்டது என்றால் அது வெறும் பயன்பாடு. என் கோப்பில் ஒரே ஒரு பெயர் மட்டும் படிக்கட்டு மாதிரி ஏறிக்கொண்டே போனது: டெஸ்க்டாப் ஷெல்.

எந்தக் கருவியும் இதற்கு மேல் உதவவில்லை. நீட்சிகள் (டெஸ்க்டாப்பில் நாம் சேர்க்கும் குட்டி வசதிகள்) எல்லாம் க்னோம் ஷெல்லுக்குள்ளேயே ஓடுவதால் பழி மொத்தமும் அதன் தலையில்தான் விழும். ஒன்பது நீட்சிகளைப் பாதி பாதியாக அணைத்துப் பார்த்தேன். வேலண்டில் க்னோம் ஷெல்லை மட்டும் தனியாக மறுபடி தொடங்க முடியாது. ஒவ்வொரு சுற்றுக்கும் வெளியேறி நுழைந்து இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். நாலாவது சுற்றில் அகப்பட்டது, பின்னணிப் படத்தை அடிக்கடி மாற்றும் ஒரு குட்டி நீட்சி.