எடைக்குறைப்பு மையம் ஒன்று: ஆய்வுக்கு முன்னும் பின்னும்

முப்பத்தொரு ஆண்டுகள் அரசு மருத்துவமனை மருந்தகத்தில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் எந்த மருத்துவ மையத்துக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் தேடுவது அங்குள்ள ஃபிரிட்ஜைத்தான். சென்னை வேளச்சேரியில் ஒரு கடையின் மாடியில் இயங்கும் தனியார் எடைக்குறைப்பு மையத்துக்கு என் தங்கையை மூன்று மாதம் வாராவாரம் அழைத்துச் சென்றுவந்த அனுபவத்தை இங்கே எழுதுகிறேன். மையத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். ஏனெனில் நான் சொல்லப்போகும் குறைகளில் பாதி, இடையில் அங்கே ஓர் அரசு ஆய்வு நடந்தபின் சரிசெய்யப்பட்டுவிட்டன; மீதிப் பாதி இந்த நகரத்தில் அந்த மையத்துக்கு மட்டும் உரியவை அல்ல.

தங்கைக்கு வயது 52, உயரம் 156 சென்டிமீட்டர், ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறாள். உணவு ஆலோசனை, வாராந்திர எடைப் பரிசோதனை, வாரம் ஓர் ஊசி எல்லாம் சேர்த்து மூன்று மாதத்துக்கு 48,000 ரூபாய் என்றார்கள். முதல் நாள் எங்களிடம் பேசியவர் மருத்துவர் அல்லர், 'கவுன்சலர்' என்ற பட்டை அணிந்த ஓர் இளைஞர். மதியச் சாப்பாடு முடித்து மூன்று மணிக்குப் போயிருந்தோம். செருப்பைக் கழற்றக் குனிந்தவளை, "பரவாயில்ல மேடம், அப்படியே ஏறுங்க" என்று தோளில் தொங்கிய கைப்பையோடு எடைமேடையில் ஏற்றினார். 86.1 என்று அட்டையில் குறித்தார்கள். அன்று மாலையே வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்தோம்: 84.2. இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அப்போது.

அந்த இளைஞர் எடுத்துக்காட்டிய வண்ண அட்டவணையில் உடல் நிறை குறியீடு (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், பி.எம்.ஐ.) 25 என்ற கோட்டுக்கு மேல் எல்லாமே சிவப்பு நிறத்தில் இருந்தது. இந்தியர்களுக்கு 25-லிருந்தே உடற்பருமன் என்று நம் மருத்துவர்கள் வகுத்திருப்பது உண்மைதான். ஆனால் அது நோயைக் கண்டறிவதற்கான எல்லையே அன்றி ஊசிக்கான எல்லை அன்று. இங்கே போடும் ஊசி டிர்செபடைடு. 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ என்ற பெயரில் இந்தியாவுக்கு வந்த அந்த மருந்து, எடைக்குறைப்புக்கென்றால் குறியீடு 30 அல்லது அதற்கு மேல் இருப்பவர்களுக்கும், 27 அல்லது அதற்கு மேல் இருந்து கூடவே சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்ற தொல்லை உள்ளவர்களுக்கும், உணவுக் கட்டுப்பாட்டோடும் உடற்பயிற்சியோடும் சேர்த்துத் தரவே அனுமதி பெற்றது. தங்கைக்குக் குறியீடு 34-ஐத் தாண்டியிருந்ததால் அவளுக்குக் கேள்வியே இல்லை. ஆனால் பக்கத்து நாற்காலியில் இருந்த கல்லூரிப் பெண்ணிடம், 26 இருக்கிறது, ஊசி போட்டுக்கொண்டால் திருமணத்துக்குள் இறங்கிவிடும் என்று அதே இளைஞர் அதே அட்டவணையைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். மேசைமீது கிடந்த துண்டறிக்கை '30 நாளில் 10 கிலோ' என்றது. 1954-ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தின் அட்டவணையில் உடற்பருமனும் இடம்பெற்றிருக்கிறது என்பதைத் துண்டறிக்கை அச்சடித்தவர் அறிந்திருக்க மாட்டார்.

குடும்பத்தில் யாருக்கேனும் தைராய்டு புற்றுநோய் உண்டா, கணைய அழற்சி வந்ததுண்டா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்ற கேள்விகளை முதல் இரண்டு வருகைகளிலும் யாரும் கேட்கவில்லை. கிளிமிபிரைடு சாப்பிடுபவருக்கு இந்த ஊசியையும் சேர்த்தால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடலாம் என்பது மருந்தோடு வரும் குறிப்புத்தாளிலேயே அச்சிட்டிருக்கும் செய்தி. மருத்துவர் 'சனிக்கிழமை வருவார்'. மருந்துச்சீட்டு மட்டும் அவர் வராமலேயே தயாராக இருந்தது, பதிவு எண் இல்லாமல்.

இனி ஃபிரிட்ஜ். வீடுகளில் இருக்கும் ஒற்றைக் கதவுப் பெட்டி அது. ஃபிரீசரில் விரற்கடை கனத்துக்குப் பனி கட்டியிருக்க, அதற்கு நேர் கீழே மருந்து நிரப்பிய ஊசிப் பேனாக்களும், அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு தயிர்க் கிண்ணமும், பாதி நறுக்கிய எலுமிச்சையும் இருந்தன. வெப்பமானி இல்லை. இந்த மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்துவிட்டால் பயன்படுத்தவே கூடாது. எங்கள் மருந்தகத்தில் காலையும் மாலையும் வெப்பநிலையைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் இடாமல் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. அதைவிட என்னை உலுக்கியது, தங்கைக்குப் போடுவதற்காக சிஸ்டர் எடுத்த பேனா ஏற்கெனவே திறக்கப்பட்டிருந்தது. ஒரு பேனாவில் ஒரே ஆளுக்கு நான்கு வாரத்துக்கான நான்கு அளவுகள் இருக்கும். இது யாருடையது என்று கேட்டேன். "ஒவ்வொருத்தருக்கும் ஊசி முனை புதுசாத்தான் சார் மாத்துறோம்" என்றார் அவர், எந்தக் கள்ளமும் இல்லாமல். முனையை மாற்றினாலும், குத்தும்போது இரத்தமோ திசுநீரோ நுண்ணளவில் பேனாவுக்குள் பின்வாங்கக்கூடும். ஒருவர் பேனாவை இன்னொருவருக்குப் போடக் கூடாது என்பதற்குக் காரணம் அதுதான். முத்திரை பிரிக்காத பேனாவைக் கேட்டு வாங்கி, அதில் அவள் பெயரை எழுதவைத்து, தொகுதி எண்ணை ரசீதில் குறிக்கச் சொன்னேன். முகம் சுளிக்காமல் செய்தார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆறாவது வாரம் போனபோது இடமே மாறியிருந்தது. "இன்ஸ்பெக்‌ஷன் வந்துட்டுப் போனாங்க சார்" என்றார் வரவேற்பில் இருந்த பெண். தமிழ்நாட்டில் எந்தத் தனியார் மருத்துவ நிறுவனமும் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும், அதற்கென 2018-இல் வந்த விதிகளின் கீழும் பதிவு பெற்றாக வேண்டும், தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் தலைமையகம் கொண்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் துறையின் பொறுப்பு அது. ஃபிரிட்ஜில் வெப்பமானி தொங்கியது, தயிர்க் கிண்ணம் போய்விட்டது, ஒவ்வொரு பேனாவிலும் பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தது. மூடி வைத்த சாதாரணக் குப்பைக்கூடையில் விழுந்துகொண்டிருந்த ஊசி முனைகளுக்கு 2016-ஆம் ஆண்டு விதிகள் சொல்லும் துளைபடாத வெள்ளைக் கலன் வந்திருந்தது. மருத்துவரும் வந்திருந்தார். பெயர்ப்பலகையில் இருந்த எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் சரிபார்த்தேன், பொருந்தியது. நல்ல மருத்துவர். பத்து நிமிடம் பொறுமையாகக் கேட்டு, கிளிமிபிரைடை உடனே பாதியாகக் குறைத்தார். இவரை முதல் நாளே பார்த்திருக்கலாமே என்ற ஆதங்கம் இன்னும் எனக்குப் போகவில்லை.

ஒன்பதாவது வாரம் வெப்பமானி இருந்தது, ஆனால் அருகே தொங்கிய பதிவுத்தாளில் எட்டு நாளாக எதுவும் எழுதப்படவில்லை. பெயர்ச்சீட்டும் வெள்ளைக் கலனும் நிலைத்தன. துண்டறிக்கை மட்டும் வேறு நிறத்தில் திரும்ப வந்துவிட்டது.

என் குறை ஆய்வுக்கு வந்தவர்கள்மீது அன்று. அவர்கள் வந்து போனதால் விளைந்த நன்மையை என் கண்ணால் பார்த்தேன். 2024 ஏப்ரலில் பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடைக்குறைப்பு அறுவைக்குப் போன புதுச்சேரி இளைஞர் உயிரிழந்தபோதும், விசாரணைக்குப் பிறகு அந்த மருத்துவமனையின் உரிமம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. அதிகாரம் இருக்கிறது, பயன்படுத்தவும் படுகிறது. ஆனால் வேளச்சேரி மாடிப்படி ஏறும் ஒருவருக்குக் கண்ணில் படுவது சட்டமிட்டு மாட்டிய பதிவுச் சான்றிதழ் மட்டும்தான். ஐந்து ஆண்டுக்குச் செல்லும் அந்தத் தாள், இந்த மாதம் ஃபிரிட்ஜுக்குள் என்ன இருந்தது என்று சொல்லாது. இங்கிலாந்தில் இருக்கும் என் மகள், தன் வீட்டருகே உள்ள இதுபோன்ற மையத்தைப் பற்றி அங்குள்ள கேர் குவாலிட்டி கமிஷன் வெளியிட்ட ஆய்வறிக்கையை அனுப்பியிருந்தாள். மருந்து எழுதித் தரும் எடைக்குறைப்பு மையங்களும் அங்கே அந்த ஆணையத்தின் ஆய்வுக்கு உட்பட்டவை. அறிக்கை முழுவதும் இணையத்தில் கிடைக்கிறது. தரமதிப்பீடு பெற்ற இடங்கள் அதை வாசலில் மக்கள் பார்க்கும்படி மாட்ட வேண்டும் என்பதும் சட்டம். வேளச்சேரியில் ஆய்வாளர்கள் எழுதிய குறிப்பில் தயிர்க் கிண்ணம் இருந்ததா என்பது எனக்குத் தெரியாது. அந்தக் கல்லூரிப் பெண்ணுக்கும் தெரியாது.

இந்த மையத்துக்குப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: அங்கே உள்ள உணவு ஆலோசகர் அம்மாவுக்காகப் போகலாம். சோறே கூடாது என்று அவர் அச்சுறுத்தவில்லை. கரண்டிக் கணக்கில் அளந்து காட்டினார். காலை இட்லி மூன்று, சாம்பாரில் காய் இரட்டிப்பு, மாலையில் பஜ்ஜிக்குப் பதில் சுண்டல், வெள்ளிக்கிழமைப் பாயசத்துக்கு அரைக் கிண்ணம் அனுமதி என்று தங்கையின் வீட்டுச் சமையலுக்குள்ளேயே எல்லாவற்றையும் முடித்துக்கொடுத்தார். பேனாவை மட்டும் மருத்துவர் சீட்டோடு நீங்களே மருந்துக்கடையில் ரசீது போட்டு வாங்கி, வீட்டு ஃபிரிட்ஜில் நடுத்தட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை தவிர வேறு நாளில் போகாதீர்கள்.

கடைசி வாரம் காலை வெறும் வயிற்றில் வரச்சொல்லி, செருப்பைக் கழற்றச்சொல்லி, கைப்பையை வாங்கி என்னிடம் கொடுத்து எடை பார்த்தார்கள். 79.0. வீட்டுத் தராசிலும் அன்று 79.0 தான். அட்டையில் 7.1 கிலோ குறைந்ததாக எழுதி, சுவரில் ஒட்டுவதற்குப் படம் கேட்டார்கள். "அஞ்சே கால் கிலோன்னு போடுறதா இருந்தா எடுத்துக்கோங்க தம்பி" என்றாள் தங்கை. படம் எடுக்கவில்லை.