கை நடுக்கத்துக்கு டிபிஎஸ்ஸா, அல்ட்ராசவுண்டா: பத்தாண்டுக் கணக்குப் போட்டால்

ப்ரோப்ரனலால், ப்ரிமிடோன் என்ற நடுக்க மருந்துகள் இரண்டையும் உடம்பு தாங்கும் அளவுக்குச் சாப்பிட்டும் கை அடங்கவில்லையா? எசென்ஷியல் ட்ரெமர் என்ற நடுக்க நோய் உள்ளவர்களிடம் அடுத்து மருத்துவர்கள் பேசுவது பெரும்பாலும் இரண்டு வழிகளைப் பற்றித்தான். ஒன்று, மூளைக்குள் மெல்லிய கம்பியைச் செலுத்தி, நெஞ்சில் தோலுக்கடியில் வைக்கும் கருவியோடு இணைக்கும் டீப் ப்ரெய்ன் ஸ்டிமுலேஷன், அதாவது டிபிஎஸ். மற்றொன்று, மண்டையைத் துளைக்காமல், எம்ஆர்ஐ பார்த்தபடியே ஒலியலைகளை ஒரு புள்ளியில் குவிக்கும் ஃபோகஸ்டு அல்ட்ராசவுண்ட். நான் வலது கைக்காக டிபிஎஸ் வைத்துக்கொண்டவன். என் சாய்வு அந்தப் பக்கம்தான்.

இரண்டும் குறிவைப்பது ஒரே இடத்தை. மூளையின் ஆழத்தில் இருக்கும் தலாமஸில் விஐஎம் என்று சொல்லும் சின்னப் பகுதி அது. சிறுமூளையிலிருந்து வரும் சமிக்ஞைகள் அதன் வழியாகத்தான் போகின்றன. அல்ட்ராசவுண்ட் அங்கே சில மில்லிமீட்டர் திசுவைச் சுட்டு அழித்துவிடுகிறது. டிபிஎஸ் திசுவைச் சுடுவதில்லை. நொடிக்கு நூற்றுக்கு மேற்பட்ட மின்துடிப்புகளைக் கொடுத்து, நடுக்கத்தை உண்டாக்கும் தாளத்தைக் குலைக்கிறது. 1987இல் பிரான்சின் க்ரெனோபிளில் நரம்பியல் அறுவை மருத்துவர் பெனாபிட்டின் குழுவினர் தொடங்கிய முறை இது. அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ நடுக்கத்துக்கு 1997இல் இதை அனுமதித்தது. அல்ட்ராசவுண்டுக்கு அனுமதி கிடைத்தது 2016இல்.

முதல் ஆண்டை மட்டும் பார்த்தால் அல்ட்ராசவுண்டை யாரும் விரும்புவார்கள். வெட்டு இல்லை, உடம்புக்குள் கருவி இல்லை, தொற்று பயமில்லை, மேசையிலிருந்து எழும்போதே கை அடங்கியிருக்கும். மண்டையோட்டின் அடர்த்தி ஒத்துவராத சிலருக்கு மட்டும் இது பொருந்தாது. டிபிஎஸ்ஸில் மூளையில் ரத்தக்கசிவு, தொற்று என்ற ஆபத்துகள் குறைவென்றாலும் உண்டு. தொற்று முற்றினால் கருவியையே எடுக்க வேண்டிவரும்.

ஆனால் இந்த நோய் ஒரு வருடத்தில் முடிகிற விஷயமில்லை. நான் முடிவெடுத்ததும் பத்து வருடம் கழித்து என்ன ஆகும் என்பதை வைத்துத்தான்.

எந்த வழியில் போனாலும் பலன் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயலாம். அல்ட்ராசவுண்டை 76 பேரிடம் சோதித்து 2016இல் வெளியான ஆய்வில், கை நடுக்கம் மூன்றாம் மாதத்தில் 47% குறைந்திருந்தது. ஓராண்டில் அது 40% ஆனது. ஐந்தாண்டுப் பின்தொடர்விலும் பலருக்கு நல்ல பலன் நிலைத்திருக்கிறது, அதை மறுக்க முடியாது. டிபிஎஸ்ஸிலும் வருடங்கள் போகப்போக நடுக்கம் திரும்ப எட்டிப்பார்க்கிறது. மூளை மின்துடிப்புக்குப் பழகிவிடுவது ஒரு காரணம். நோயே முற்றிக்கொண்டு போவது இன்னொன்று. 20 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து 2019இல் வெளியிட்ட ஆய்வு, இழப்பில் பெரும்பங்கு நோய் முற்றுவதால்தான் என்றது.

வித்தியாசம் இதற்குப் பிறகுதான் வருகிறது. சுட்ட இடத்தை இனி மாற்ற முடியாது. நடுக்கம் திரும்பினால் மறுபடி சுடுவதா, வேறு சிகிச்சைக்குப் போவதா என்று முதலிலிருந்து யோசிக்க வேண்டும். டிபிஎஸ் கம்பியில் பல தொடுமுனைகள் உண்டு. எதில் மின்சாரம் பாய வேண்டும், எவ்வளவு பாய வேண்டும், துடிப்பு எவ்வளவு அகலம் என்பதையெல்லாம் வெளியிலிருந்தே மாற்றலாம். எனக்குக் கையெழுத்து மறுபடி கோணத் தொடங்கியபோது தொடுமுனையை மாற்றினார்கள்; தம்ளரை ஒரு கையால் பிடிக்கும் நிலை திரும்பியது. பக்கவிளைவிலும் இதே கதைதான். அந்த 2016 ஆய்வில் ஓராண்டு கழித்தும் 14% பேருக்கு மரமரப்பும் 9% பேருக்கு நடைத் தடுமாற்றமும் இருந்தன. டிபிஎஸ்ஸில் நாக்கு குழறினாலோ விரல் மரமரத்தாலோ, பெரும்பாலும் மின்சாரத்தைக் குறைத்தால் விலகிவிடும். இதற்கும் எல்லை உண்டு. நடுக்கத்தை அடக்கக் கூட்டிக்கொண்டே போனால் பேச்சும் நடையும் தடுமாறும். இரவில் கருவியை அணைத்து வைக்கச் சிலருக்குச் சொல்வார்கள், எனக்கும் சொன்னார்கள். பேட்டரி மிச்சமாவது உறுதி. மூளை பழகிப்போவதை அது தள்ளிப்போடுகிறதா என்பதை என் ஒரு கையை வைத்துச் சொல்ல மாட்டேன்.

இந்த வசதிக்குப் பராமரிப்பு என்ற விலை உண்டு. ரீசார்ஜ் செய்ய முடியாத கருவியின் பேட்டரி, மின்சாரம் எவ்வளவு செலவாகிறது என்பதைப் பொறுத்து, ஏறக்குறைய மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளில் தீரும். அப்போதெல்லாம் நெஞ்சில் சின்ன அறுவை. ரீசார்ஜ் வகை பதினைந்து ஆண்டு அளவுக்கு வரும், ஆனால் சார்ஜ் ஏற்றுவதை மறக்கக் கூடாது. கருவி நின்றுவிட்டால் நடுக்கம் அப்போதே திரும்பும், சில நேரம் பழையதைவிட வேகமாக. பிசியோதெரபியில் டயாதெர்மி என்ற சூட்டு சிகிச்சை அறவே கூடாது. எம்ஆர்ஐ எடுப்பதற்கு முன் கருவியின் மாடலைச் சொல்லியாக வேண்டும். இத்தனையும் செய்துகொண்டிருக்கிறேன், பாரமாகத் தெரியவில்லை.

இரண்டு கைக்கும் செய்வதைப் பற்றி என்னால் அனுபவத்தோடு பேச முடியாது. இரு பக்கமும் டிபிஎஸ் வைத்தால் பேச்சும் சமநிலையும் கெட வாய்ப்பு கூடுகிறது. அல்ட்ராசவுண்டில் இரண்டாம் பக்கத்துக்கு எஃப்டிஏ அனுமதி வந்ததே 2022 டிசம்பரில்தான், அதுவும் முதல் பக்கம் முடிந்து குறைந்தது ஒன்பது மாதம் கழித்து.

எழுபத்தைந்தைத் தாண்டியவர், ஒரு கை அடங்கினால் போதும் என்பவர், திரும்பத் திரும்ப மருத்துவமனைக்கு அலைய முடியாதவர் என்றால் நானே அல்ட்ராசவுண்டைத்தான் சொல்வேன். ஐம்பதுகளில் இருப்பவருக்கு டிபிஎஸ். அப்படி முடிவெடுக்கும்போது அறுவை செய்பவர் யார் என்று மட்டும் கேட்காதீர்கள். அடுத்த பத்து வருடம் செட்டிங் பார்த்துக் கொடுப்பவர் யார், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை அவரைப் பார்க்க முடியும், பேட்டரி தீரும் தருவாயில் எவ்வளவு சீக்கிரம் மாற்றிக்கொடுப்பார்கள் என்பதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.